உடலுக்குள் ஒரு சுவர்

அந்நியப் பொருளை நம் உடல் எவ்வாறு நடத்துகிறது? செயற்கை மூட்டு, இதயமுடுக்கி எனப் பலவற்றை மருத்துவர்கள் இன்று உடலுக்குள் பொருத்துகின்றனர். பொருத்திய சில நொடிகளிலேயே இரத்தத்திலுள்ள புரதங்கள் அப்பொருளின்மேல் படிகின்றன. வெள்ளணுக்கள் விரைந்து வருகின்றன. அவற்றுள் பெருவிழுங்கு அணுக்கள் எனப்படுபவை அதனை விழுங்க முயல்கின்றன. இயலாதபோது ஒன்றோடொன்று இணைந்து பேரணுக்களாகின்றன. அதுவும் பயனற்றுப்போனால், சில வாரங்களில் நார்த்திசுவாலான உறையை எழுப்பி, உடல் அதனைத் தனிமைப்படுத்திவிடுகிறது.

வெளியேற்றவும் இல்லை, ஏற்கவும் இல்லை. சண்டை ஓய்ந்தது, உறவு பிறக்கவில்லை. இதனை அமைதி என்று அழைக்கலாமா?

பல பொருள்களுக்கு இவ்வுறையால் பெருந்தீங்கு இல்லை. ஆனால், சர்க்கரை அளவை அறியத் தோலின்கீழ் பதிக்கும் உணர்கருவியை எண்ணிப் பார்ப்போம். உறை தடித்தால் சர்க்கரை கருவியைச் சரிவர எட்டாது, அளவு பிழைபடும். உடலின் நலனுக்காக வந்த கருவி, உடலே எழுப்பிய சுவரால் செயலிழக்கிறது.

உடலைக் குறைகூற இயலாது. முள்ளையும் மருந்தையும் பிரித்தறியும் மனச்சான்று அதற்கில்லை. நமக்கோ உண்டு. வேலைதேடி வந்த வேற்றூர்க் குடும்பத்தை ஆலயத்தினின்று நாம் விரட்டுவதில்லை. அன்பியக் கூட்டத்திற்கு அழைப்பதுமில்லை. ஒரே திருப்பந்தியில் பங்குகொள்வோரைக் கல்லறைத் தோட்டத்தில் சாதிச்சுவரால் பிரித்த ஊர்களும் உண்டு. இதற்குச் 'சகிப்புத்தன்மை' என்றும் 'ஊர் அமைதி' என்றும் பெயரிடுகிறோம். சுவருக்கு அப்பாலிருப்பவர் நமக்குத் தரவிருந்த நன்மை நம்மை எட்டாமலே போகிறது.

உடலிலும் இச்சுவர் மாற்றவியலாத விதியன்று. 1950களில் சுவீடன் நாட்டு மருத்துவ அறிஞர் பிரோனெமார்க், முயலின் எலும்பில் பதித்த டைட்டானியக் கருவியை அகற்ற முயன்றார், இயலவில்லை. எலும்பு அதனோடு இறுகப் பிணைந்திருந்தது. 1965-இல் மனிதத் தாடையிலும் அவர் டைட்டானியத்தைப் பொருத்தினார். பதித்தவுடன் சுமையேற்றாமல், சில மாதங்கள் காத்திருப்பதே அவரது முறை. இடைவெளியற்ற நெருக்கமும் பொறுமையும் சேர்ந்தபோது, அந்நியப் பொருளே உடலின் பாரத்தைத் தாங்கும் தூணாயிற்று.

மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகாரம் காட்டும் இறுதித் தீர்ப்பில், அந்நியருக்குத் தீங்கு செய்யவில்லை என்பதற்காக எவரும் ஆசி பெறவில்லை. அவரை ஏற்றுக்கொண்டோரே பெற்றனர். நம் பங்கில் நிலவுவது உறவா, உறையா? மனச்சான்றின் முன் நாம் ஒவ்வொருவரும் விடை கூறுவோம்.