தன்னையும் காட்டாத கறுப்பு

உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயனில் 'இருள்மல நிலை' என்றோர் அதிகாரம் உண்டு. புற இருள் மற்றப் பொருள்களை மறைக்கும். ஆனால் தான் இருப்பதையாவது காட்டும். உயிரை மறைக்கும் இருள்மலமான ஆணவம் பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது என்பார். கொழும்பு கொச்சிக்கடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் உட்காரும்போது இந்த வேறுபாடுதான் மனதில் ஓடும். பிளாஸ்டிக் மோல்டிங்கிலேயே காலம் கழித்த எனக்கு, தன்னையும் மறைக்கும் கறுப்பு ஒன்றைத் தெரியும்.

அதன் பெயர் கார்பன் பிளாக். எண்ணெயை அரைகுறையாக எரித்து எடுக்கும் கரித்தூள். மலிவானது, கொஞ்சம் போட்டாலே போதும். சிவப்பு, பச்சை, நீலக் கழிவுகளைச் சேர்த்து உருக்கினால் வரும் அழுக்கு நிறத்தையும் மூடிவிடும். பட்டறைகள் அதை விரும்புவது இதனால்தான். ஆனால் வெளிநாட்டு மீள்சுழற்சி ஆலைகளில், ஓடும் பெல்ட்டின் மேல் அகச்சிவப்பு ஒளியை வீசி, திரும்பி வரும் ஒளியை வைத்தே எது பெட், எது பொலிபுரொப்பிலீன் என்று இயந்திரம் பிரிக்கிறது. கார்பன் பிளாக் அந்த ஒளியை விழுங்கிவிடும். பெல்ட்டும் கறுப்பு. என்ன பிளாஸ்டிக் என்பது இருக்கட்டும், அங்கே ஒரு கறுப்புச் சோற்றுப் பெட்டி கிடப்பதே இயந்திரத்துக்குத் தெரியாது. நல்ல பிளாஸ்டிக் எரிக்கவோ புதைக்கவோ போகும்.

இங்கே இலங்கையில் பெரும்பாலும் கையால்தான் பிரிக்கிறார்கள். கைக்குக் கறுப்புப் பெட்டி அகப்படும். ஆனால் அதை உருக்கினால் மறுபடி கறுப்புத்தான், வேறு நிறம் ஏறாது. எஞ்சுவது குப்பை மேட்டுக்கு. அந்த மேடு என்ன செய்யும் என்பதை 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று மீதொட்டமுல்லையில் பார்த்தோம். குப்பை மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

ஆணவம் அநாதி; எந்த உயிரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. இந்தக் கறுப்பை நாம் தேர்ந்தெடுத்தோம். ஆகவே இது கன்மக் கணக்கு. கையைவிட்டுப் போன பெட்டிக்கு அதைச் செய்தவன் பொறுப்பா என்று கேட்பவர்கள் உண்டு. பொறுப்புத்தான். செயல் முடிந்த பிறகும் செய்தவனைத் தேடி வருவதல்லவா கன்மம்!

மாற்று இல்லாமலில்லை. அகச்சிவப்பை விழுங்காத கருநிறங்கள் இருக்கின்றன, விலைதான் கூட. பிரித்தானியப் பேரங்காடிகள் பல 2010களின் இறுதியில் கறுப்புத் தட்டுகளையே கைவிடத் தொடங்கின.

தண்ணீர்த் தாங்கிக்கும் குழாய்க்கும் வெயிலைத் தாங்கக் கார்பன் பிளாக் வேண்டும். அரை மணி நேரம் சோறு வைக்கும் பெட்டிக்கு அது எதற்கு? பட்டறை முதலாளிமாரே, அந்தப் பெட்டியை நிறமில்லாமலே செய்யுங்கள்.