கையளிப்பும் ஐயமும்: யாழ்ப்பாணத்து இணைய வணிகம் எழுப்பும் ஓர் அளவையியல் வினா

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பனங்கட்டி, ஒடியல்மா, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய் முதலியவற்றை வீட்டில் ஆக்கி முகநூல் வழியாகவும் வட்ஸ்அப் வழியாகவும் விற்பவர், விலையைத் தீர்மானித்தவுடன் எதிர்கொள்ளும் கேள்வி அவற்றை எவ்வாறு அனுப்புவது என்பதாகும். அஞ்சல் திணைக்களத்தின் பொதிச் சேவை, தனியார் கூரியர், கொழும்புக்கு இரவில் புறப்படும் பஸ்ஸில் பொதியை ஏற்றிவிட்டு வாங்குபவரைத் தரிப்பிடத்துக்கு வரச்சொல்லுதல், வாங்குபவரே நேரில் வந்து எடுத்துச் செல்லுதல் என வழிகள் பல உள்ளன. பணம் முன்கூட்டியே வங்கிக் கணக்கில் இடப்படுவதா, பொருள் கைக்கு வரும்போது கொடுக்கப்படுவதா என்ற பிரிவும் இவற்றோடு பின்னிக் கிடக்கிறது. வணிகக் கைநூல்கள் இதனைக் கட்டணம், நேரம், உடைவு ஆகியவற்றின் கணக்காகக் கருதி முடித்துவிடுகின்றன. அந்தக் கணக்குக்கு அடியில் இரண்டு பழைய வினாக்கள் கிடக்கின்றன: கண்ணால் காணாத ஒன்றை ஏற்பதற்கு எது ஆதாரம் என்பது ஒன்று, விற்றவர் கையை விட்டு நீங்கி, வாங்கியவர் கையை இன்னும் அடையாத பொருள் அழிந்துபோனால் அது எவருடைய இழப்பு என்பது மற்றொன்று.

முதல் வினாவை ஆராய்வதற்கு யாழ்ப்பாணத்தின் சைவக் கல்வி மரபுக்குள்ளேயே கருவி உண்டு. அறிவு எவ்வழியாகப் பிறக்கிறது, அது மெய்யென்பதை எதனால் அளப்பது என்று ஆராயும் துறையை அளவையியல் என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியார் தமது சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில், பிறர் பலவாக எண்ணிய அளவைகளையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றினுள் அடக்குகிறார். காண்டல் என்பது புலன்களால் நேரே அறிவது. கருதல் என்பது புகையைக் கொண்டு நெருப்பை உணர்வதுபோல் ஓர் அடையாளத்தைக் கொண்டு மறைந்திருப்பதை உய்த்தறிவது. உரை என்பது நம்பத்தக்கவரின் சொல்லால் அறிவது. அந்நூலுக்கு உரை செய்தவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பிறந்து சிதம்பரத்தில் வாழ்ந்த ஞானப்பிரகாச முனிவர் என்பதால், இப்பாகுபாட்டைக் குடாநாட்டின் வணிகத்துக்குப் பொருத்திப் பார்ப்பது வெளியிலிருந்து ஒன்றை இழுத்துவந்து ஒட்டுவதாகாது.

முன்பணம் செலுத்திப் பொருளுக்குக் காத்திருப்பவர் உரையளவையில் நிற்கிறார். விற்பவர் அனுப்புவதாகச் சொன்ன சொல்லைத் தவிர அவரிடம் வேறெதுவும் இல்லை. கூரியர் தரும் இலக்கத்தைக் கைபேசியில் இட்டு, பொதி வவுனியாவைக் கடந்துவிட்டது, அனுராதபுரத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பவர் கருதலளவையைப் பயன்படுத்துகிறார். திரையில் தோன்றும் ஒரு வரியைக் கொண்டு எங்கோ ஓடும் வாகனத்தை அவர் உய்த்தறிகிறார். பொருள் வந்த பின்பே பணம் என்பவர், காண்டலைத் தவிர வேறெதனையும் ஏற்க மறுக்கும் உலகாயதரின் நிலையை, தாம் அறியாமலே, எடுத்துக்கொள்கிறார். இணைய வணிகத்தில் இம்மூன்றாம் வழியே மிகப் பாதுகாப்பானது என்ற எண்ணம் வலுவாக வேரூன்றியிருப்பதால், அதனைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

வாசலில் வந்து நிற்கும் கூரியர் ஊழியர் பணத்தைப் பெற்றுக்கொண்ட பின்பே பொதியைக் கையளிக்கிறார். பணம் கொடுக்குமுன் பொதியைப் பிரித்துப் பார்ப்பதற்கு வழமையாக இடமில்லை. ஆகவே வாங்குபவர் காண்பது மட்டைப் பெட்டியையும் அதன்மேல் ஒட்டிய தாளையுமே. உள்ளே இருப்பது தாம் கேட்ட பொருள்தான் என்பதைப் பெட்டியின் எடையையும் அளவையும் கொண்டு அவர் கருதுகிறார். அந்தக் கருதலும் விற்றவர் தாம் சொன்னதையே உள்ளே வைத்திருப்பார் என்ற உரையில்தான் போய் முடிகிறது. காண்டலைப் போலத் தோற்றமளிக்கும் இம்முறை, நம்பிக்கையின் தேவையை நீக்கவில்லை, சில நாள்கள் தள்ளிவைக்கிறது, அவ்வளவே. அதற்குள் ஐயம் வேறு தோள்களுக்கு மாறிவிடுகிறது. பணம் கூரியர் நிறுவனத்தின் கணக்குவழியே திரும்பி வரும்வரை, மூலப்பொருளுக்குக் கைக்காசைப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர் அதனை ஆக்கிய பெண்ணாக இருக்கலாம். வாங்குபவர் மனம் மாறிப் பொதியை ஏற்க மறுத்தால், வெயிலில் வந்த பயணம் வீணாகிறவர் மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர்.

இதே வீட்டு முற்றத்துக்கு வேறொரு மோட்டார் சைக்கிளும் வருவதுண்டு என்பது யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு முரண். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் மகன் அங்குள்ள ஒருவரிடம் பணத்தைக் கொடுக்க, அவர் தொலைபேசியில் சொல்லிய சொல்லை ஏற்று இங்குள்ள ஒருவர் அதற்கீடான ரூபாயைத் தாயின் கையில் கொண்டுவந்து கொடுக்கும் முறையை உண்டியல் என்பர். சட்டத்தின் அனுமதி பெறாத இம்முறையில் எதுவும் கடலைக் கடப்பதில்லை. சொல் மட்டுமே கடக்கிறது, இரு முகவர்களின் கணக்கும் பிறகு எப்போதோ நேர்செய்யப்படுகிறது. வங்கிகளும் வீதிகளும் நம்பத்தகாதனவாக இருந்த யுத்த காலத்தில் இந்த உரையளவையைப் பற்றிக்கொண்டு பல குடும்பங்கள் பிழைத்தன. பற்றுச்சீட்டே இல்லாமல் பெருந்தொகையை நம்பும் அதே வீடு, ஆயிரம் ரூபாய்ப் பொதிக்குக் கண்முன்னே காட்டு என்று கேட்கிறது.

முகவர் ஊரவர், அவரது தகப்பனைத் தெரியும், ஏமாற்றினால் கோயில் திருவிழாவில் முகம் காட்ட முடியாது; இணையத்தில் விற்பவரோ முகமறியாதவர் என்று இதற்கு விடை கூறுவர். விடை உண்மையே ஆயினும், அது உறவை நம்பகத்தோடு குழப்புகிறது. நம்பத்தக்கவரை ஆப்தர் என்று குறிக்கும் நியாய மரபில், நியாய சூத்திரத்துக்குப் பாடியம் எழுதிய வாத்ஸ்யாயனர், ஒரு பொருளை உள்ளபடி அறிந்து, அறிந்தபடியே பிறருக்கு உணர்த்த விரும்புபவரே ஆப்தர் என வரையறுத்து, இவ்விலக்கணம் முனிவருக்கும் உயர்ந்தோருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றேயென்று சேர்த்துக்கொள்கிறார். பிறந்த ஊரும் பேசும் மொழியும் அவரது வரையறையில் இடம்பெறவே இல்லை. அம்பாந்தோட்டையிலிருந்து சிங்களத்தில் பொருள் கேட்டு எழுதும் ஒருவருக்குச் சாவகச்சேரியில் விற்கும் பெண்ணொருவர் ஆப்தராக விளங்குவது இவ்வரையறைப்படி முற்றிலும் இயலும். அதற்கு அப்பெண் தமது பொருளைப் பற்றி மட்டுமன்றி, அது செல்லும் வழியைப் பற்றியும் அறிந்ததை அறிந்தபடி சொல்ல வேண்டியிருக்கும்.

இழப்பு எவருடையது என்னும் இரண்டாம் வினாவில் தரும சாத்திரங்கள் வியப்பூட்டும் நுட்பத்தோடு நடக்கின்றன. விற்றபின் கையளிக்காமை என்பதனை அவை வழக்குக்குரிய தனித் தலைப்புகளுள் ஒன்றாகவே வைத்துள்ளன. வாங்கியவர் கேட்டும் விற்றவர் கொடுக்காதிருக்கையில் அரசாலோ தெய்வத்தாலோ பொருள் கெட்டால் இழப்பு விற்றவருக்கு என்றும், வாங்கியவரது குற்றத்தால் இழப்பு நேர்ந்தால் அது வாங்கியவருக்கு என்றும் யாஜ்ஞவல்கிய ஸ்மிருதி பிரிக்கிறது. அதே நூல் சுமந்து செல்பவரையும் விட்டுவைக்கவில்லை: அரசாலும் தெய்வத்தாலும் அன்றி வேறுவகையில் தொலைந்த சரக்குக்கு அவரே ஈடு செய்ய வேண்டும். பொருள் கேட்டு எழுதிவிட்டு வாசலில் பொதியை மறுப்பவரது செயலை இக்காலத்தவர் வாடிக்கையாளரின் உரிமை என்று மென்மையாகக் கடந்துவிடுகின்றனர்; ஸ்மிருதிகாரர் அதனைக் குற்றக் கணக்கில் எழுதியிருப்பார்.

அரசு, தெய்வம் என்ற அந்த இணையைக் குடாநாட்டவர் ஏட்டளவில் மட்டும் அறிந்தவர்களல்லர். 1990இல் நின்றுபோன யாழ்தேவி புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது 2014 அக்டோபரில்; குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி 2002 ஏப்ரலில் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மூடப்பட்டு, யுத்தம் முடிந்த பின்பே மறுபடி திறந்தது. 2022இன் எரிபொருள் தட்டுப்பாடும் இவ்வரிசையில் ஒரு சிறு நினைவூட்டல். பொதி வராமற்போனால் அனுப்பியவரைக் குறைகூறுமுன் பாதை என்னவாயிற்று என்று கேட்கும் பழக்கம் இவ்வரலாற்றின் எச்சமாகும். அரசு பாதையை மறித்தால் சுமப்பவர் மேல் குற்றமில்லை என்னும் சாத்திர விதியின் நீதியை இம்மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

இலங்கையில் இன்றும் நடைமுறையிலுள்ள 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவியது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து உடைமை எவரிடமோ இழப்பும் அவருக்கே என்பதும், வாங்குபவருக்கு அனுப்பும்பொருட்டுச் சுமப்பவரிடம் ஒப்படைத்தல் முதனோக்கில் வாங்குபவரிடமே கையளித்ததாகும் என்பதும் அதன் விதிகள். இதன்படி, முன்பணம் செலுத்தியவரின் பனங்கட்டி யாழ்ப்பாணத்துக் கூரியர் மேசையிலேயே அவருடையதாகிவிடுகிறது. வழியில் கெட்டால், விற்றவர் கவனக்குறைவின்றிப் பொதிசெய்திருக்கும்வரை, இழப்பு வாங்கியவருக்கே. பணம் கைக்கு வரும்வரை பொருளின்மேலுள்ள உரிமையை விற்பவர் விடாமல் வைத்திருந்தாலோ, உடைமை வாசல்வரை அவருடனேயே பயணிக்கிறது. அனுப்பும் வழியைத் தெரிவுசெய்வதாக எண்ணிக்கொண்டு விற்பவர் உண்மையில் தெரிவுசெய்வது, ஒரு பொருள் எந்த இடத்தில் எந்தக் கணத்தில் பிறருடையதாக மாறுகிறது என்பதனையே. முன்பணக்காரர் சொல்லை நம்பியதோடு வழியின் இடரையும் சுமக்கிறார் என்பது, பெரும்பாலான விற்பனைப் பக்கங்களில் எவரும் அவருக்குச் சொல்லாத செய்தி.

இடரைச் சுமக்காதவர் இலாபத்துக்கு உரியவரா என்ற கேள்வியை இஸ்லாமியச் சட்ட மரபு நேராகவே எழுப்புகிறது. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி வழி, வாங்கிய எப்பொருளையும் தன் கைவசப்படுத்துமுன் மறுபடி விற்பதை ஏற்பதில்லை. தன் பொறுப்பில் வராத பொருளின் இலாபம் தகாது என்பது அதன் பின்னுள்ள நெறி. சரக்கைத் தொடாமலே வேறொருவரின் படத்தைப் போட்டு விற்று, அவரைக் கொண்டே அனுப்பச் செய்யும் இன்றைய இடைநிலை வணிகத்தை இந்நெறி நேரடியாகத் தாக்குகிறது. வணிகத்தில் ஊன்றியிருந்த யாழ்ப்பாண முஸ்லிம்கள் 1990 அக்டோபர் இறுதியில் வெளியேற்றப்பட்டபோது, குடாநாடு கடைகளை மட்டுமன்றி இத்தகைய விவாதத்துக்குரிய அயலவரையும் இழந்தது.

புலம்பெயர்ந்தோர் இணையத்தில் பணம் செலுத்தி, ஊரிலுள்ள தாய்க்குப் பிறந்தநாள் கேக்கோ சேலையோ கிடைக்கச் செய்யும் வணிகம் இவ்வினாவை மேலும் சிக்கலாக்குகிறது. இங்கே வாங்குபவர் பெறுபவரல்லர். விற்பனையும் கொடையும் ஒரே பொதிக்குள் செல்கின்றன. கொடை எப்போது நிறைவடைகிறது என்பதில் தரும சாத்திர அறிஞர்களான மிதாட்சர ஆசிரியர் விஞ்ஞானேசுவரரும் தாயபாக ஆசிரியர் ஜீமூதவாகனரும் மாறுபட்டனர்: பெறுபவர் ஏற்றால்தான் அவருக்கு உரிமை பிறக்கும் என்பது முன்னவர் கொள்கை, கொடுப்பவர் துறந்த கணத்திலேயே பிறந்துவிடும் என்பது பின்னவர் கொள்கை. வீட்டில் எவருமில்லாததால் பொதியைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, கையளிக்கப்பட்டது என்று கைபேசியில் பதிந்து செல்லும் ஊழியர் ஜீமூதவாகனரின் பக்கம் நிற்கிறார். அந்தப் பதிவு தாயின் கையைக் குறிப்பதில்லை. மகனோ அதனைத் தாய் பெற்றதாகவே வாசித்துக்கொள்கிறார்.

இனித் தொலைவு பற்றியது. 1840இல் பிரித்தானியாவில் ரோலண்ட் ஹில்லின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த ஒரே கட்டண அஞ்சல், கடிதத்தின் செலவில் தொலைவின் பங்கு மிகச் சிறிதென்ற கணக்கிலிருந்து தோன்றியது. காலப்போக்கில் அது, எங்கு வாழ்பவரும் அரசின் அஞ்சலுக்குச் சமமானவர் என்ற குடியியல் நெறியாக வளர்ந்தது. தனியார் கூரியருக்கு அந்நெறி கட்டாயமில்லை. குறிகட்டுவானிலிருந்து படகில் செல்ல வேண்டிய நயினாதீவையும் நெடுந்தீவையும் விநியோகப் பட்டியலிலிருந்து விலக்கிவிடும் விற்பனையாளர் இலாபநட்டக் கணக்கில் பிழை செய்யவில்லை. எனினும், பிறர் பொருளையும் தம்முடையதுபோற் பேணுவதை வாணிகத்தின் இலக்கணமாக்கிய திருக்குறளுக்கு, கொள்வது மிகாமலும் கொடுப்பது குறையாமலும் என்று பரிமேலழகர் அளவுபற்றிப் பொருள் கூறினார்; எவருக்கு விற்பது, எவரை விட்டுவிடுவது என்பதும் அந்த நடுவுநிலைமைக்குள் வருமா என்பதனை அவர் காலத்து அங்காடி எழுப்பியிருக்காது.

அஞ்சல்வழியே நெடுந்தீவுக்கு அனுப்பலாம். கட்டணம் கூடாது, நாள்தான் கூடும். ஆனால் கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று வீசிக் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. ஓலைக் குட்டானில் இட்ட பனங்கட்டி ஈரத்தை உறிஞ்சி இளகத் தொடங்கும். இறங்குதுறையில் தங்கிவிட்ட அந்தப் பொதியின் கேடு தெய்வத்தால் வந்தது என்று விற்பவர் கூற இயலும். படகு நிற்கும் பருவம் இதுவென்பதை அறிந்திருந்தும், முன்பணம் வாங்கும்போது அதனைச் சொல்லாமல் விட்டிருந்தாரானால், அந்த வாதம் அவருக்கு உதவாது.