அன்பு இருக்கிற இடத்தில் ஆய்வு எதற்கு?

பிள்ளைகள் கைவிட்ட முதியவர்களைக் கூட்டிவந்து சோறு போட்டு, குளிப்பாட்டி, இறந்தால் அடக்கமும் செய்கிற ஓர் இல்லத்துக்குள் அரசு அதிகாரி நுழைந்து சமையலறையையும் கழிப்பறையையும் சோதிப்பது நியாயமா? பெற்ற மகனே செய்யாததைச் செய்கிறவரைச் சந்தேகிப்பது நன்றிகெட்ட செயல் ஆகாதா? முதியோர் இல்லங்களைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால் இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஓர் ஊரை வைத்து இதைப் பார்ப்போம். திருச்செந்தூருக்கு வடக்கே, காயல்பட்டினத்துக்கும் ஆறுமுகநேரிக்கும் அருகே இருக்கிறது சாகுபுரம். 1950களின் கடைசியில் வந்த டி.சி.டபிள்யூ. ரசாயன ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர். காஸ்டிக் சோடாவும் குளோரினும் தயாராகிற இடத்தில் எதையும் நம்பிக்கையின்பேரில் விட்டுவைப்பதில்லை. கொதிகலனை உரிய காலத்தில் ஆய்வாளர் பார்த்துச் சான்று தரவேண்டும். சான்று காலாவதியானால் இயக்கக் கூடாது. 1923லேயே சட்டமாகிவிட்ட விதி இது. இதே ஊர்ப் பிள்ளைகள் ஏறுகிற பள்ளி வாகனத்தை ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் போக்குவரத்து அதிகாரிகள் வரிசையில் நிறுத்தி, அவசரக் கதவு திறக்கிறதா, தீயணைப்பான் இருக்கிறதா, தரைப்பலகை உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 2012இல் சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகு அந்தச் சோதனை கடுமையானது. இதை எந்தப் பள்ளி நிர்வாகமும் அவமானமாக நினைப்பதில்லை.

இந்தக் கடற்கரையின் இளைஞர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டார்கள். ஆலைக் குடியிருப்பில் வாழ்ந்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: வேலையோடு வந்த வீடு வேலையோடு போய்விடும். தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031இல் அது 18ஐத் தாண்டும் என்பது அரசின் கணிப்பு. பணம் கட்டித் தங்குகிற இல்லமோ, இலவசமாக ஏற்கிற இல்லமோ, இனி பல குடும்பங்களுக்கு இது கண்முன் நிற்கிற கேள்வி.

முதலில் இல்லம் நடத்துகிறவரின் வாதத்தை முழுமையாகக் கேட்க வேண்டும். நன்கொடையை நம்பி இருபது பேரை வைத்துப் பார்க்கிறவர், அரிசிக்கும் மருந்துக்கும் அலைகிறவர். இந்தச் சான்று இல்லை, அந்தச் சான்று இல்லை என்று விதி சொல்ல ஆரம்பித்தால் அவர் இழுத்து மூடிவிட்டுப் போய்விடுவார். அந்த இருபது பேரும் மறுபடி பேருந்து நிலையத்துக்குத்தான் போவார்கள். ஆய்வு என்ற பெயரில் கைநீட்டுகிறவர்களும் உண்டு. மேலும், இல்லம் என்பது அங்கே இருப்பவருக்கு வீடு. முன்பின் தெரியாதவர்கள் படுக்கையறைக்குள் வந்து அலமாரியைத் திறந்து பார்ப்பதை எந்த வீட்டுப் பெரியவரும் விரும்பமாட்டார். இவை எதுவும் சாக்கு அல்ல.

ஆனால் மன்னார் வளைகுடாவின் இதே கரையில், வடக்கே சில மணி நேரப் பயணத்தில் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அந்தச் சங்கிலி ஒளித்துவைக்கப்பட்ட ஒன்றல்ல. அங்குள்ள தர்காவுக்கு வந்தவர்கள், ஊரார், உறவினர் எல்லோரும் பார்த்ததுதான். மனநலக் காப்பகங்கள் உரிமம் பெறவேண்டும் என்று 1987லேயே சட்டம் வந்துவிட்டது. பார்த்த கண்கள் நிறைய இருந்தன, கேட்கவேண்டிய பொறுப்போடு பார்த்த கண்தான் இல்லை. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அத்தனை பேர் இறந்த பிறகுதான் அதிகாரிகள் காப்பகங்களைத் தேடிப் போனார்கள்.

ஏர்வாடி கற்றுத்தந்த பாடத்தை நாம் மனநலக் காப்பகங்களோடு நிறுத்திக்கொண்டோம். மூன்றே ஆண்டுகளில், 2004 ஜூலை 16 அன்று, கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் கீற்றுக்கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். ஆதரவற்றவர்கள் இருந்த கொட்டகையில் பார்த்த அதே ஆபத்தை, பள்ளிக்கூடத்துக் கூரையில் யாரும் தேடவில்லை. ஒவ்வொரு வகை நிறுவனத்துக்கும் தனித்தனியே சாவு வந்து சொன்னால்தான் கண்திறப்போம் என்ற வழக்கம் முதியோர் விஷயத்திலும் தொடர்வது அநியாயம்.

முதியோர் இல்லத்தில் தீயைவிட அதிகம் அஞ்சவேண்டியது மெல்ல நடக்கிற புறக்கணிப்பு. அது வெளியே தெரியாது. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இரவுக்கு ஒரே ஒரு ஆயா இருந்தால் அது நடக்காது. முதுகெலும்பின் அடியில் தோல் சிவக்கும், பிறகு கறுக்கும், பிறகு குழிவிழுந்து புண்ணாகும். சுத்தமான வெள்ளை விரிப்பு போட்டுவிட்டால் வாசலில் நிற்பவருக்கு அது கண்ணில் படாது. அடிக்கடி கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆள் இல்லாத இடத்தில் மாலைக்குமேல் தண்ணீர் கொடுப்பதைக் குறைத்துவிடுவார்கள். இந்தக் கடற்கரை வெக்கையில் அது சிறுநீர்த் தொற்றிலும் பிதற்றலிலும் கொண்டுபோய் விடும். "வயசாயிட்டு, புத்தி தடுமாறுது" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். சமையல்காரர் சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டும் என்பதற்காக மாலை ஐந்தரைக்கே இரவுச் சாப்பாடு, மறுபடி காலை எட்டரைக்கு இட்லி என்றால் சர்க்கரை நோயாளி பதினைந்து மணி நேரம் வெறும் வயிற்றோடு கிடக்கிறார். இரவில் கத்துகிறவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால் இல்லம் அமைதியாக இருக்கும். வந்து பார்ப்பவருக்கு அந்த அமைதி நல்ல நிர்வாகமாகவே தெரியும்.

இவற்றில் பெரும்பாலானவை கெட்ட எண்ணத்தால் நடப்பவை அல்ல. ஆள் பற்றாக்குறை, பயிற்சி இன்மை, அலுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் நல்ல மனிதர்கள் நடத்துகிற இடத்திலும் இது நடக்கும். அன்பு இருக்கிறதே, ஆய்வு எதற்கு என்ற வாதம் உடைகிற இடம் இதுதான். அன்பு மனதில் இருப்பது. புண் உடம்பில் இருப்பது. ஒன்று இருப்பதால் இன்னொன்று இல்லாமல் போய்விடாது.

முத்துக்குளிக்கிற காலத்தில் இந்தக் கடலில் மூழ்கியவரின் உயிர், தோணியில் கயிறு பிடித்து நிற்பவரின் கையில் இருந்தது. தண்ணீருக்கு அடியில் இருப்பவர் கூப்பிட முடியாது. கயிற்றின் அசைவை மேலே நிற்பவர்தான் கவனித்து உணரவேண்டும். நினைவு மங்கியவரும், பக்கவாதத்தில் பேச்சிழந்தவரும், புகார் சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுகிறவரும் அப்படித்தான் இருக்கிறார்கள். அவர் வாய் திறந்து கேட்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருப்பது அறமாகாது.

ஆகவே ஆய்வு என்பது நடத்துகிறவரின்மேல் உள்ள சந்தேகத்தால் வருவதல்ல, உள்ளே இருப்பவருக்கு ஊரும் அரசும் பட்டிருக்கிற கடன். இலவசமாகச் சோறு உண்கிறார் என்பதால் அந்தக் கடன் குறையாது. பணம் கட்டுகிறவர் நுகர்வோர் நீதிமன்றத்துக்காவது போகமுடியும். தெருவிலிருந்து கூட்டிவரப்பட்டவருக்கு யாருமில்லை. கேட்க ஆளில்லாதவர் இருக்கிற இல்லத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

ஆய்வுக்கும் அறம் உண்டு. 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இருந்த ஒரு கருணை இல்லத்தின் வேனில், இறந்தவர் ஒருவரின் உடலோடும் காய்கறிகளோடும் உயிருள்ள முதியவர்களும் ஏற்றப்பட்டிருந்தது வெளியே தெரிந்து தமிழ்நாடே அதிர்ந்தது. பல குற்றச்சாட்டுகள் எழுந்தன, இல்லம் மறுத்தது. அதிகாரிகள் சோதனையிட்டு, அங்கிருந்த நூற்றுக்கணக்கானவர்களை வெவ்வேறு இல்லங்களுக்கு மாற்றினார்கள். குற்றச்சாட்டுகளின் உண்மை ஒருபுறம் இருக்கட்டும். பல ஆண்டுகள் யாரும் சரியாகக் கவனிக்காமல் இருந்துவிட்டு ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கவனித்தால், அதன் சுமை கட்டிலில் கிடப்பவர்மேல்தான் விழுகிறது. சாகக் கிடப்பவரை வண்டியில் ஏற்றி வேறு மாவட்டத்துக்கு அனுப்புவதும் ஒருவகையில் கைவிடுதலே. மூடு என்று உத்தரவிடுகிற கைக்கு, அவர்களை எங்கே வைப்பது என்று சொல்லும் கடமையும் உண்டு. மாவட்டத்துக்கு ஒன்றாவது வீதம், 150 பேராவது தங்கும் அளவில், ஏழை முதியோருக்கு அரசே இல்லம் அமைக்க 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வழிசெய்கிறது. அந்த இடம் தயாராக இருந்தால்தான் ஆய்வாளர் மனச்சாட்சியோடு கண்டிப்பாக நடக்கமுடியும்.

சிறிய இல்லங்களைப் பற்றிய கவலைக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. தரம் என்பதை இரண்டாகப் பிரிக்கலாம். கட்டிலுக்கு இத்தனை அடி, அறைக்கு இத்தனை சன்னல் என்பவற்றில் காலம் கொடுக்கலாம், அரசு உதவியும் தரலாம். ஆனால் கட்டிவைக்காமல் இருப்பது, அடிக்காமல் இருப்பது, மருத்துவர் சொல்லாமல் தூக்க மருந்து கொடுக்காமல் இருப்பது, இரவில் ஆள் இருப்பது, ஓய்வூதியப் பணத்தைக் கேட்காமல் எடுக்காமல் இருப்பது ஆகியவற்றில் ஏழை இல்லம், பணக்கார இல்லம் என்ற பேதம் கிடையாது. முதல் வகையில் குறை கண்டால் ஆய்வாளர் கைகொடுக்க வேண்டும். இரண்டாம் வகையில் குறை கண்டால் அவருக்கு இரக்கம் காட்ட உரிமை இல்லை.

எதைப் பார்க்கவேண்டும் என்பதை ஊரும் தீர்மானிக்கிறது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கின, சாலையும் ரயில்பாதையும் அறுந்தன, மின்சாரமும் செல்பேசியும் நின்றன. ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற ரயிலில் நூற்றுக்கணக்கானவர்கள் சிக்கிக்கொண்டதை நாடு பார்த்தது. அப்படி ஓர் இரவில், நடக்க முடியாத இருபது பேரைத் தரைத்தளத்தில் வைத்திருக்கிற இல்லம் என்ன செய்யும்? மாடிக்குத் தூக்கிப்போக ஆள் உண்டா? இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க வழி உண்டா? பக்கத்து ஆலையில் வாயு கசிந்தால் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று ஆயாவுக்குத் தெரியுமா? அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2017இல் வந்த இர்மா சூறாவளியின்போது குளிர்சாதனம் நின்றுபோன ஒரு பராமரிப்பு இல்லத்தில் வெப்பத்தால் 12 பேர் இறந்தார்கள். மருத்துவமனை ஒன்று பக்கத்திலேயே இருந்தது. அடுத்த ஆண்டே அந்த மாநிலம் ஜெனரேட்டரைக் கட்டாயமாக்கியது. நம் கடற்கரை அந்த எச்சரிக்கையை மழையாகவே பார்த்துவிட்டது.

கைநீட்டுகிற ஆய்வாளரைப் பற்றிய பயத்துக்கு மருந்து, ஆய்வை நிறுத்துவதல்ல, அதை ஊரறியச் செய்வது. இங்கிலாந்தில் பராமரிப்பு இல்லங்களுக்குத் தரக்குறியீடு தரப்படுகிறது. 2015 முதல் அதை இல்லம் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாக வேண்டும். அங்கும் தவறுகள் நடக்கின்றன. 2011இல் பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்ற மருத்துவமனையில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் துன்புறுத்தப்பட்டதை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வெளிக்கொண்டுவந்தது. அங்கே வேலைபார்த்த செவிலியர் முன்பே எழுதிய புகாரை ஆய்வு அமைப்பு கவனிக்கவில்லை. ஆய்வு அமைப்பு இருந்தால் போதாது, உள்ளே வேலைபார்க்கிறவர் சொல்வதை அது கேட்கவும் வேண்டும் என்பதே அதன் பாடம். சொல்லாமல் வரவேண்டும்; இரவிலும் வரவேண்டும்; முதியவரிடம் நிர்வாகி இல்லாத இடத்தில் உட்கார்ந்து பேசவேண்டும்; அறிக்கையைத் தமிழில் வாசலில் ஒட்டவேண்டும்.

இந்தியாவில் இல்லங்களின் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் கட்டாயமாக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. அந்த மக்களவையின் காலம் முடியும்வரை நிறைவேறவில்லை. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லாத சிலர் இருக்கிறார்கள். பிறந்தநாளுக்கும் திதிக்கும் இல்லத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு கொடுப்பது நம் ஊர்களில் நல்ல வழக்கம். கேசரியோடும் கேமராவோடும் போய், படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், பத்து நிமிடம் ஒரு கட்டிலருகே உட்கார்ந்து "ராத்திரி யாரும்மா இருக்காங்க? தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்கலாம். மாதம் பணம் அனுப்புகிற மகனும் மகளும், சொல்லாமல் ஒருநாள் மாலையில் போய் நிற்கலாம். நல்ல இல்லம் அதை வரவேற்கும். வரவேற்காத இல்லத்தில் பெற்றோரை விட்டுவைக்கக் கூடாது.

தொண்டு செய்கிறவரின் மனம் நோகக்கூடாது என்பதும் முதியவரின் உடம்பு நோகக்கூடாது என்பதும் எதிரெதிரே வந்து நிற்கும்போது, உடம்பின் பக்கம் நிற்பதே அறம். மனம் நொந்தவர் மறுநாள் பேசித் தேறிவிடுவார்; படுக்கைப்புண் பேசினால் ஆறாது. இல்லத்தில் தவறு நடப்பதாகத் தெரிந்தால் மாவட்ட சமூகநல அலுவலரிடம் சொல்லுங்கள். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. அதைக் கைப்பேசியில் இன்றே பதிந்துவையுங்கள்.