காரமும் காலமும்

1868-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து ஏவரி தீவில், எட்மண்ட் மக்கில்ஹென்னி என்பார் பழுத்த மிளகாயை உப்புடன் நசுக்கி ஊறவைத்து, வினிகர் கலந்து வடித்த டபாஸ்கோ என்னும் காரச்சாறு, இன்று ஓக் மரப் பீப்பாய்களில் மூன்றாண்டுகள் வரை முதிர்ந்த பின்னரே புட்டியை அடைகிறது. வீட்டு ஜாடியில் உப்பிட்டு ஊறவைத்த மிளகாயில் சில வாரங்களில் நிகழ்வதும் அதே ரசவாதந்தான். உப்பானது அழுகச் செய்யும் கிருமிகளை அடக்கி, புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு இடமளிக்க, அவை மிளகாயின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கி மிளகாய்க்குக் காவலாகின்றன. இத்தனை மாற்றத்திலும் மிளகாய் தன் காரத்தை இழந்துவிடுவதில்லை, பக்குவத்தையே அடைகிறது. மனிதனின் கோபமும் அத்தகையதே. அதனை அறவே அழிக்க முயல்வதை விடுத்து, நிதானமென்னும் உப்பிட்டுச் சிறிது காலம் பொறுத்திருந்தால், சுட்டெரித்திருக்கக்கூடிய சொல்லே சுவையும் பயனும் உடையதாய் வெளிப்படும்.