உள்மூடியில் எழுதியிருப்பது

"தங்கமாடா?" என்று அம்மா கேட்டார். "ஆமாம்மா" என்றேன். சும்மா வாயில் வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லைப் பற்றிச் சில மாதங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் கேட்டது என் லோஞ்சின்ஸ் வாட்சை. 1950களில் வந்தது. பெட்டாலிங் ஜெயா ஆம்கோர்ப் மாலின் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் 700 வெள்ளிக்கு வாங்கினேன். குறுக்களவு 33 மில்லிமீட்டர்தான். இன்றைய கண்ணுக்குப் பெண்கள் வாட்ச் போலத் தெரியும். தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். வெள்ளையாக இருந்த டயல் பழுத்துப் பாலாடை நிறத்துக்கு வந்திருக்கிறது. கோட்டு சூட்டோடு கட்டுவதற்கென்றே மெலிதாகச் செய்த வகை, 'டிரஸ் வாட்ச்' என்பார்கள். முழுக்கைச் சட்டைக்குள் சத்தமில்லாமல் நுழைந்துகொள்ளும்.

சேகரிப்பவர்கள் இதில் எதைக் கண்டு மயங்குகிறார்கள்? முதலில், உள்ளே இருக்கும் இயந்திரம். 17 கற்கள். மணிக்கு 18,000 அதிர்வுகள், அதாவது நொடிக்கு ஐந்து. பேட்டரி இல்லை. முறுக்கிய சுருள்வில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதுதான் அதற்கு உயிர். கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டால் எழுபது வருடம் கழித்தும் ஓடுகிறது. நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஐந்து வருடமான சென்சாருக்கே உதிரிபாகம் கிடைப்பதில்லை.

அடுத்தது அதன் கூடு. சர்வீஸுக்குக் கொடுத்தபோது கடைக்காரச் சீனப் பெரியவர் பின்மூடியைத் திறந்து, அதன் உட்புறத்தை என்னிடம் காட்டினார். '10 கேரட் கோல்ட் ஃபில்ட்' என்று குத்தியிருந்தது. "பூக்கான் எமாஸ்" என்றார். தங்கம் இல்லை. பெயரில் 'ஃபில்ட்' இருந்தாலும் உள்ளே தங்கத்தை நிரப்புவதில்லை. பித்தளை மேல் தங்கக் கலவைத் தகட்டை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டச் செய்கிறார்கள். மின்முலாம் பூசுவதைவிட இது நல்ல கனம். ஆனால் அந்தத் தகட்டிலும் 24 பங்கில் 10 பங்குதான் தங்கம், 41.7 சதவீதம்.

இயந்திரம் மட்டும்தான் சுவிட்சர்லாந்தின் செயின்ட் இமியேவிலிருந்து வந்தது. இறக்குமதி வரி காரணமாக வெறும் இயந்திரத்தைக் கப்பலேற்றி, அமெரிக்காவிலேயே செய்த கூட்டில் பொருத்தி விற்றார்கள். முழுத்தங்கம் வாங்க வசதியில்லாத குமாஸ்தாவும் விற்பனையாளரும் கட்டினார்கள். இன்னும் பழைய அமெரிக்கப் பாக்கெட் வாட்ச் கூடுகள் சிலவற்றில் '20 வருட உத்தரவாதம்', '25 வருட உத்தரவாதம்' என்றுகூடக் குத்தியிருக்கும். தங்கம் ஒருநாள் தேயும் என்று ஒப்புக்கொண்டு, எதுவரை தேயாது என்றும் சொல்லி விற்ற பொருள். எனக்கு அது பிடித்திருந்தது.

பட்டை பூட்டும் கொம்புகளின் முனையில்தான் முதலில் தேயும். பித்தளை எட்டிப் பார்க்கும். சிலர் அதற்கு மறுபடி முலாம் பூசி, டயலுக்குப் புதுச் சாயம் அடித்து விற்பார்கள். விவரமான சேகரிப்பாளர் அதைத் தொடமாட்டார். தேய்ந்ததை மன்னிப்பார்கள், மறைத்ததை மன்னிக்க மாட்டார்கள். நானும் இதையெல்லாம் நண்பர்களிடம் பெருமையாகப் பேசியவன்தான்.

பிறகு தங்கைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இரண்டு நாளில் முன்பணம் கட்ட வேண்டும். மாதக் கடைசி, கார் தவணை போய்விட்டது. என் 700 வெள்ளி மணிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா நகை டப்பாவைத் திறந்து மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சங்கிலி, இரண்டு வளையல். "போதலன்னா உன் வாட்சையும் சேத்து வெச்சிக்கலாம்டா. தங்கம்தானே."

அப்போதுதான் புரிந்தது. எங்கள் வீட்டில் 'தங்கமா?' என்பது அழகைப் பற்றிய கேள்வி இல்லை. பாட்டி பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து தங்கம் என்றால் அடகுக்கடை, அடகுக்கடை என்றால் அடுத்த மாதம். 'கெட்ட நாளில் இது நம்மைத் தாங்குமா?' என்றுதான் அம்மா கேட்டிருக்கிறார். நான் சின்னப் பீற்றலுக்குச் சொன்ன 'ஆமா'வை அவர் மனக்கணக்கில் வரவு வைத்திருக்கிறார்.

நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். "பித்தளையைத் தங்கம் மாதிரி செஞ்சதே பொய்தானே? உண்மைய யாரும் பாக்காத உள்மூடியில எழுதி வெச்சா ஆச்சா?" என்றான். நியாயமான கேள்வி. விருந்தில் யாரும் வாட்சைத் திறந்து பார்க்கப் போவதில்லை என்பது செய்தவனுக்கும் தெரியும். ஆனாலும் நான் முழுதாக ஒப்பவில்லை. நிறம் எதையும் உறுதி சொல்வதில்லை, எழுத்துதான் சொல்கிறது. எழுத்தில் பொய் இல்லை. காசு கொடுத்து வாங்கியவனுக்கும், திறந்து பார்க்கும் ரிப்பேர்க்காரனுக்கும் அது உண்மையைச் சொல்லிவிட்டது. அம்மாவுக்குச் சொல்ல வேண்டியவன் நான்.

அதற்காக, ரயிலில் பக்கத்தில் நிற்பவரிடம் போய் 'இது பித்தளை' என்று அறிவிக்கத் தேவையில்லை. அவர் என் வாட்சை நம்பி எதையும் செய்யப் போவதில்லை. நம் பதில் மேல் சாய்ந்து நிற்கப் போகிறவர் கேட்டால், நிலைமை வேறு. பொய்யின் எடை சொல்பவன் கையில் இல்லை. நான் சொன்னபோது அது ஒரு கிராம்கூட இல்லை.

அம்மாவே வெளியே போகும்போது கவரிங் சங்கிலிதான் போடுவார், வழிப்பறி பயம். பக்கத்து வீட்டு அக்கா கேட்டால் "கவரிங்தான்" என்பார், அவ்வளவுதான். அவருக்கு அதில் கூச்சம் இல்லை. எனக்குத்தான் இருந்தது.

அன்றிரவே சொன்னேன். வாட்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இதுவும் கவரிங்."

"கொஞ்சம் நல்ல கவரிங்மா."

அவர் சிரிக்கவில்லை. "கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்றபடி, காதில் இருந்த தோட்டைக் கழற்றி வளையல்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

சம்பளம் வந்ததும் முதல் வேலையாகத் தோட்டை மீட்டுக் கொடுத்தேன். வாட்சை விற்கவில்லை. இப்போதும் காலையில் சாவி கொடுக்கிறேன். கொம்பின் முனையில் மிளகளவு பித்தளை தெரிய ஆரம்பித்திருக்கிறது. அதை அப்படியே விட்டிருக்கிறேன்.