ஐடியா யார் கொடுப்பது?

காலையில் பிரீஃப் வருகிறது. மறுநாள் மாலைக்குள் மூன்று ஆப்ஷன் போயாக வேண்டும். கிராஃபிக் டிசைனரின் பிழைப்பு இப்படித்தான். கம்ப்யூட்டர், ஃபான்ட், நிறம் எல்லாம் தயார். ஐடியா மட்டும் டெட்லைனுக்குக் கட்டுப்படுவதில்லை. அதை வரவழைக்க ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள்: கொஞ்சம் நடந்துவிட்டு வா, பழைய சினிமா போஸ்டர்களைப் புரட்டு, பின்டரெஸ்டில் படம் சேர்த்து ஒரு மூட்போர்டு போடு. இன்னொரு சாரார், அது வருகிறபோது வரும், கூப்பிட்டால் வராது என்று கையை விரித்துவிடுகிறார்கள். முதல் கட்சிக்கு ஐடியா என்பது உழைப்பின் கூலி, இரண்டாம் கட்சிக்கு வரம். அலுவலக அரட்டை போலத் தெரியும் இந்தத் தகராறுக்குள் ஒரு சமயக் கேள்வி ஒளிந்திருக்கிறது. மனிதனுக்கு வாய்க்கும் ஆகச் சிறந்தது அவன் சம்பாதித்ததா, அவனுக்குக் கொடுக்கப்பட்டதா? தமிழ்நாட்டு வைணவர்கள் இந்தக் கேள்வியை நூற்றாண்டுக் கணக்கில் அலசியிருக்கிறார்கள். அவர்கள் பேசியது மோட்சத்தைப் பற்றித்தான், லோகோவைப் பற்றியல்ல. ஆனாலும் அந்த வாதத்தில் எழுந்த ஒரு விடை டிசைன் ஸ்டுடியோவுக்கும் பொருந்தும் என்பது என் கட்சி.

வாதத்தின் இரு பக்கங்களும் ஊரறிந்தவை. வடகலையார் குரங்குக்குட்டியைக் காட்டுவார்கள். தாய் மரம் விட்டு மரம் தாவும்போது குட்டி அதன் வயிற்றைக் கெட்டியாகப் பற்றிக்கொள்கிறது. கொண்டுபோய்ச் சேர்ப்பது தாய்தான். பற்றுவது குட்டியின் பொறுப்பு. தென்கலையார் பூனைக்குட்டியைக் காட்டுவார்கள். தாய் கழுத்தைக் கவ்வித் தூக்கிப்போகிறது, குட்டிக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. உவமையைத் தாண்டிப் போனால்தான் வாதத்தின் கூர்மை தெரியும். அருள் இறங்க ஒரு வியாஜம், அதாவது ஒரு சாக்காவது வேண்டும் என்பது வடகலை ஆசாரியர் வேதாந்த தேசிகரின் நிலை. அதுகூட வேண்டாமென்றால், ஒருவனைக் கரையேற்றி இன்னொருவனை விட்டுவிடும் இறைவன் பட்சபாதி ஆகிவிடுவான். தென்கலை ஆசாரியர் பிள்ளை லோகாசாரியாரோ, தன் முயற்சியை மோட்சத்துக்கு உபாயம், அதாவது வழி என்று ஒருவன் நினைப்பதே தடை என்பார். வருகிற அருளை விலக்காமல் இருந்தால் போதும். இவ்வளவு நுட்பமான வேறுபாட்டை நெற்றியில் ஒரே ஒரு கோட்டில் காட்டிவிட்டார்கள்: தென்கலை நாமத்துக்கு மூக்கின்மேல் இறங்கும் பாதம் உண்டு, வடகலை நாமத்துக்கு இல்லை. கோயில் யானைக்கு எந்த நாமம் இடுவது என்று சண்டை போட்ட சமூகத்துக்கு லோகோவின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டிசைன் உலகத்திலிருந்து ஒரு சாட்சியை இந்த வழக்கில் நிறுத்திப் பார்க்கலாம். 1970களின் நடுவில் நியூயார்க் நகரம் திவாலாகும் நிலைக்கு வந்திருந்தது. சுற்றுலாப் பயணிகளை இழுப்பதற்கான ஒரு பிரச்சாரத்துக்குச் சின்னம் வேண்டும் என்று மாநில அரசு டிசைனர் மில்டன் கிளேசரிடம் கேட்டது. அவரும் ஒன்றைச் செய்து கொடுத்தார், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், வேலை முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் டாக்சியில் போய்க்கொண்டிருக்கும்போது வேறொன்று தோன்றியது. கையிலிருந்த உறையில் சிவப்புக் கிரேயானால் கிறுக்கிக்கொண்டார்: ஒரு ஐ, ஓர் இதயம், ஒரு என், ஒரு ஒய். அரசு அதிகாரியைப் போனில் கூப்பிட்டு, இதைவிட நல்லது கிடைத்திருக்கிறது என்றார். முடிந்துபோன விஷயத்தை மறுபடி கிளற அதிகாரிக்கு விருப்பமில்லை. கிளேசர் விடவில்லை, மாற்றவைத்தார். அந்தச் சின்னம் 1977இல் வெளிவந்தது, உலகமெங்கும் டீ ஷர்ட்டில் ஏறியது. கிழிந்த அந்த உறை இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தச் சாட்சி யாருக்குச் சாதகம்? பூனைக்குட்டிக் கட்சி உடனே எழுந்து நிற்கும். ஐடியா முயற்சியின் கூலியாக இருந்தால் முயற்சி நடந்த நாட்களில் வந்திருக்க வேண்டும். வேலை முடிந்து, ஒப்புதலும் கிடைத்து, இனி எதுவும் தேவையில்லை என்ற பிறகு டாக்சியில் வந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது? குரங்குக்குட்டிக் கட்சியும் சும்மா இருக்காது. அந்த டாக்சியில் உட்கார்ந்திருந்தவர் 1954இலேயே நண்பர்களோடு புஷ் பின் ஸ்டுடியோவைத் தொடங்கியவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் எழுத்தையும் படத்தையும் ஒன்றோடொன்று பின்னிப் பழகிய கை. அதே இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தால் ஜன்னல் வழியே போக்குவரத்து நெரிசலைத்தான் பார்த்திருப்பார். இரண்டு வாதமும் சரி. இரண்டும் சரியாக இருப்பதால்தான் தகராறு தீராமல் கிடக்கிறது.

தென்கலை மரபில் நான் தேடும் விடை இங்கே உதவுகிறது. குட்டிக்கு வேலையே இல்லை என்று சொன்னவர்கள் வேலை செய்யாமல் இருந்தார்களா? திருவரங்கத்தில் பூத் தொடுத்தார்கள், நந்தவனம் காத்தார்கள், விளக்கேற்றினார்கள், பாசுரம் ஓதினார்கள், நாள் தவறாமல். அதற்குக் கைங்கர்யம் என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் வடகலையாரின் நாளுக்கும் தென்கலையாரின் நாளுக்கும் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் கணக்கில்தான். தொடுத்த மாலையை விலையாகக் கொடுத்து மோட்சம் வாங்குவதில்லை. மாலை தொடுப்பதே அடைந்தவனின் இயல்பான தொழில். அதற்குமேல் அது எதற்கும் உபாயம் ஆக வேண்டியதில்லை. டிசைனரின் தினசரிப் பயிற்சியும் இந்த இடத்தில் வைக்கப்பட வேண்டியது என்கிறேன். வரைவது, பார்ப்பது, எழுத்துகளுக்கு இடையே உள்ள இடைவெளியைச் சரிசெய்வது, இவற்றை ஐடியாவுக்கான முன்பணமாக நினைத்துச் செய்பவர், ஐடியா வராத நாளில் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். இத்தனை செய்தேனே, எங்கே என் பங்கு என்று கேட்பார். அந்த மனக்கசப்புதான் டிசைனர்கள் ‘வறண்டுவிட்டேன்’ என்று சொல்லும் நிலையில் பெரும்பகுதி. அதே வேலையை வேலைக்காகவே செய்பவருக்கு ஐடியா வந்தால் லாபம். வராத நாளும் நஷ்டக் கணக்கில் ஏறாது.

இது துறவிகளுக்குச் சரி, பிரஸ்ஸில் வேலை பார்ப்பவருக்கு எப்படி என்று கேட்கலாம். இரண்டையும் பார்த்த ஒருவர் கோவில்பட்டியில் இருந்தார். கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகப் போய்த் திரை எழுதினார். கடைசியில் கோவில்பட்டியில் தங்கிச் சீடர்களைச் சேர்த்துக்கொண்டு, பக்கத்துச் சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் படம் வரைந்து கொடுத்தார். தமிழ்நாட்டு வீடுகளின் பூஜை அறைகளில் சட்டம் போட்டு மாட்டப்பட்ட முருகன், லட்சுமி படங்களில் பல அந்தக் கைகளிலிருந்து வந்தவை. காலண்டர் தொழிலைக் கவனியுங்கள். வருகிற ஆண்டுக்கான ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது சிவகாசி வழக்கம். தேதி தள்ளிப்போகாது. அதற்குள் படம் தயாராக வேண்டும். முருகனுக்கு வேல், மயில், சேவற்கொடி. லட்சுமிக்குத் தாமரை, நான்கு கை, இருபுறமும் யானை. இதில் ஓவியர் தன்னிஷ்டத்துக்கு மாற்ற ஒன்றுமில்லை. படத்தின் கீழே ஜவுளிக்கடைப் பெயருக்கு இடம் விட வேண்டும். போன வருஷமும் அதே லட்சுமி, அடுத்த வருஷமும் அதே லட்சுமி. இன்றைய டிசைனர் எதையெல்லாம் கற்பனையின் எதிரி என்கிறாரோ அத்தனையும் அங்கே இருந்தன: கிளையன்ட், டெட்லைன், மாற்றவே முடியாத பிரீஃப். அதற்குள்ளிருந்துதான் ஒரு பாணி பிறந்தது. நாடகத் திரை எழுதிய கை சாமிக்குப் பின்னால் ஆழமும் ஒளியும் கொண்ட ஒரு மேடையைக் கொண்டுவந்தது; லட்சுமி நேரே பார்ப்பவரைப் பார்த்தாள். நான் யார் என்று இந்தப் படத்தில் காட்ட வேண்டும் என்ற பாரம் அந்த ஓவியர்களுக்கு இல்லை. அந்தப் பாரம் இல்லாததால் கை இலகுவாக ஓடியது என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் ஐடியா வராதபோது குறைவது எது? காளிதாசனின் மாளவிகாக்னிமித்திரம் நாடகத்தில் இதற்கு ஒரு நல்ல நோயறிதல் இருக்கிறது. அரசன் அக்னிமித்திரன் மாளவிகையை முதலில் படத்தில்தான் பார்க்கிறான். இவ்வளவு அழகு இருக்க முடியுமா, ஓவியர் மிகைப்படுத்தியிருப்பாரோ என்று சந்தேகப்படுகிறான். பிறகு அவள் ஆட வந்து நின்றபோது சந்தேகம் தலைகீழாகிறது: படம்தான் குறைபட்டது, வரைந்தவரின் மனஒருமை தளர்ந்திருந்தது என்கிறான். திறமை போதவில்லை என்றோ கலைமகள் கைவிட்டாள் என்றோ அரசன் சொல்லவில்லை. எதிரில் இருந்ததை முழுதாகப் பார்க்காமல் விட்டதுதான் குற்றம். இந்தக் கண்ணோடு பின்டரெஸ்டைப் பார்த்தால் ஏன் அது பெரும்பாலும் உதவுவதில்லை என்பது விளங்கும். ஒரு மணி நேரத்தில் நானூறு படம் ஓடுகிறது. ஒன்றின்மீதும் கண் தங்குவதில்லை. எதிரில் இருக்கும் பொருளை, கடைக்காரர் சொன்னதை, அந்தப் பெயரின் எழுத்துகளைப் பார்க்காமல் தப்பிக்க அது கௌரவமான ஒரு வழி. ஒரு தமிழ்ப் பெயருக்கு லோகோ செய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கொ’ என்ற எழுத்து முன்னும் பின்னும் கைநீட்டி இரண்டு பேர் இடத்தை எடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் ‘ர’ ஒடுங்கி நிற்கிறது. ‘ஞ’வின் சுழி கோட்டுக்குக் கீழே இறங்குகிறது. அந்த மேடுபள்ளத்தையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் சின்னம் அதற்குள்ளிருந்தே எழுந்துவருவதுண்டு. வெளியே தேடுகிறவருக்கு அது அகப்படாது. கலப்படமற்ற கவனமே பிரார்த்தனை என்ற பொருளில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் எழுதியிருக்கிறார். பிள்ளை லோகாசாரியார் சொன்ன விலக்காமைக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

மூளையின் வேலைக்கு எதற்கு இவ்வளவு சாமி என்று பகுத்தறிவாளர் கேட்பார். நியாயமான கேள்வி. 1926இல் கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் படைப்புச் சிந்தனையை நான்கு கட்டமாகப் பிரித்தார்: ஆயத்தம், அடைகாத்தல், பளிச்சிடல், சரிபார்த்தல். டாக்சியில் நடந்தது மூன்றாவது கட்டம். அதற்கு முன்னால் நினைவுக்கு எட்டாத ஆழத்தில் இரண்டாவது நடந்துகொண்டிருந்தது. ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் இந்த விளக்கமும் அடைகாக்கும் கட்டத்தை என் கையில் கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எத்தனை நாள், எது பொரியும், பொரியுமா பொரியாதா, எதுவும் என் வசத்தில் இல்லை. என் வசத்தில் இல்லாத ஒன்றை அருள் என்று ஒருவர் சொல்லலாம், நரம்பு மண்டலம் என்று இன்னொருவர் சொல்லலாம். அதற்கு எதிரில் எப்படி நடந்துகொள்வது என்ற கேள்வி இருவருக்கும் பொது. கைங்கர்யம் அந்தக் கேள்விக்கான பதில். நாத்திகரும் அதைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு. கோயிலில் மாலை தொடுத்தவர் பெருமாளுக்குத் தொடுத்தார். டிசைனர் ஷாம்பு விற்கிறார், கடன் ஆப் விற்கிறார். அதைக் கைங்கர்யம் என்பது சொல்லுக்கே இழுக்கு இல்லையா? சில வேலைகளைப் பொறுத்தவரை ஆம், இழுக்குதான். என் வாதம் எல்லா வேலைக்கும் விபூதி பூசிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. வேலையை வேலைக்காகவே செய் என்றால், முழுக் கவனத்தோடு பார்த்தபிறகும் செய்ய மனம் வருகிற வேலையாக அது இருக்க வேண்டும். பார்க்கப் பார்க்கக் கூசுகிற வேலையைக் கவனத்தைத் தளர்த்திக்கொண்டுதான் செய்ய முடியும். அப்படிச் செய்கிறவர் தன் தொழிலுக்கான கண்ணையே கொஞ்சம் கொஞ்சமாக மழுக்கிக்கொள்கிறார். கிளேசருக்கு இது தெரிந்திருந்தது. தாந்தேயின் பர்கட்டோரியோவுக்கு ஓவியம் வரைந்த அனுபவத்திலிருந்து, டிசைனர் நரகத்துக்கு இறங்கும் படிகள் என்று பன்னிரண்டை எழுதினார். முதல் படி மிகச் சாதாரணமானது: கடை அலமாரியில் பெரிதாகத் தெரியும்படி ஒரு டப்பாவை வடிவமைப்பது. கடைசிப் படி, அடிக்கடி பயன்படுத்தினால் ஆளைக் கொல்லக்கூடிய பொருளுக்கு விளம்பரம் செய்வது. இந்தப் படிகளில் எதுவரை இறங்குவாய் என்று அவர் சக டிசைனர்களைக் கேட்டார். ஐடியா வரவில்லை என்று தவிக்கும் டிசைனர், எந்தப் படியில் நிற்கிறோம் என்று ஒரு தரம் குனிந்து பார்ப்பது நல்லது. சில சமயம் வராமல் இருப்பது ஐடியா அல்ல, சம்மதம்.

மிச்சமிருப்பது முதலாளிகளைப் பற்றிய பயம். கைங்கர்யம் என்ற வார்த்தையைக் கேட்டதும் சில ஸ்டுடியோ அதிபர்களுக்கு வாயூறும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ‘சின்னச் சேஞ்ச்தான்’ என்று மெசேஜ் அனுப்புவதற்கும், பிட்ச் வேலையை இலவசமாக வாங்குவதற்கும், பணத்தை மூன்று மாதம் இழுப்பதற்கும் இதைவிட வசதியான தத்துவம் கிடைக்குமா? இதற்கு மறுமொழி தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரிலேயே வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. முதலாம் ராஜராஜன் அங்கே குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கும், அதாவது கோயில் ஆடல் மகளிருக்கும், ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். எந்த மரக்காலால் அளப்பது என்பதுகூடச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று இறைவன் பெயர். நட்டுவர், பாடுவோர், தையற்காரர், தச்சர், கணக்கர் என்று மற்றவர்களுக்கும் பங்கு குறிக்கப்பட்டிருக்கிறது. இறைவனுக்கே செய்த தொண்டுக்கு நெல் அளந்து கொடுத்தார்கள்; அளவையும் கல்லில் எழுதினார்கள். எனவே வேலை கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: டிசைனர் தன் வேலையை எந்த மனநிலையில் செய்கிறார் என்பது அவர் பாடு, நீங்கள் தொகையையும் தேதியையும் எழுத்தில் கொடுங்கள், பாதியை முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.