மரணத்தை அளக்கும் கோல்

மரணத்தை நோக்கிய மனிதனின் மனோபாவத்தை வினாத்தாள் கொண்டு அளக்க மேனாட்டு மனோதத்துவ அறிஞர்கள் வெகுகாலமாக முயன்று வருகிறார்கள். 1970-இல் டெம்ப்ளர் என்பவர் 15 வாக்கியங்களைக் கொண்டு மரண பயத்தை அளந்தார். 1994-இல் வாங், ரெக்கர், கெஸ்ஸர் ஆகிய மூவரும் வெளியிட்ட 32 வாக்கியங்களோ, பயத்தோடு நில்லாமல், மரணத்தை இயற்கையென ஏற்பதையும், நல்ல மறுமையின் வாயிலென ஏற்பதையும், துன்பத்தினின்று தப்பும் வழியென ஏற்பதையும் தனித்தனியே கணக்கிட்டன.

பௌத்தத்திலும் இத்தகைய பரீட்சை ஒன்று உண்டு. நாதிகம் என்னும் ஊரிலே, செங்கல் மண்டபத்தில் தங்கியிருந்த புத்தபகவான், மரண தியானத்தை எவ்வாறு பயில்கிறீர்கள் என்று பிக்ஷுக்களை வினவியதாக அங்குத்தர நிகாயம் கூறுகிறது. இன்னும் ஒரு பகலும் இரவும் உயிரோடிருந்தால் பகவானின் உபதேசத்தைச் சிந்திப்பேன் என்றார் ஒருவர்; ஒரு பகல் போதும் என்றார் மற்றொருவர்; ஒரு வேளை உணவு உண்ணும் நேரம், நாலைந்து கவளம் விழுங்கும் நேரம் என்று அவகாசம் குறுகிக்கொண்டே வந்தது. ஒரு கவளத்தின் நேரத்தையும் ஒரே சுவாசத்தின் நேரத்தையும் சொன்ன இருவரை மாத்திரமே பகவான் விழிப்புடையோர் என ஒப்பினார்; ஏனையோர் அசிரத்தையுடையவர்களே என்றார். மரணத்தை அஞ்சுகிறாயா, விரும்புகிறாயா என்று அவர் கேட்கவில்லை. அதை எவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறாய் என்றே கேட்டார்.

மரணத்தை விரும்புவது ஞானமாகாது என்பதற்கு வைசாலியில் நிகழ்ந்ததே சான்று. உடலின் அசுபத்தைத் தியானித்த பிக்ஷுக்கள் பலர் அருவருப்பு மிகுந்து உயிரை மாய்த்துக்கொள்ள, சங்கம் மெலிந்திருப்பதைக் கண்ட பகவான், எஞ்சியோருக்கு மூச்சைக் கவனிக்கும் சாந்தமான தியானத்தை உபதேசித்தார். ஆகவே, தப்பும் வழியென மரணத்தை ஏற்பவனுக்கு வினாத்தாள் எத்தனை மதிப்பெண் அளித்தாலும், அதை பௌத்தத்தின் பேரேட்டில் வரவு வைக்க இயலாது.

2018-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியிலே, ஆத்மா என ஒன்றில்லை என்று திடமாக நம்பும் திபெத்தியத் துறவிகளே, தாம் இல்லாமற் போவதைக் குறித்து மற்றவர்களைவிட அதிகமாக அஞ்சியது தெரிய வந்தது. இது தர்மத்துக்கு இழுக்கு என்று நான் கருதவில்லை. சித்தாந்தத்தை அறிவு ஒப்புக்கொள்வது வேறு, அது சுவாசத்திலே கலப்பது வேறு. அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தையே அந்த ஆராய்ச்சி காட்டிற்று. இனி வினாத்தாள் வகுப்போர், நாதிகத்துக் கேள்வியையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.